மைக்கா இருந்த இடத்தில் வெள்ளாட்டுத் தோல்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரோ துப்பறிந்து கண்டுபிடித்த மாதிரி பேச வேண்டாம். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி ஓரம் குந்தி ஆட்டுத் தோலில் முடி சுரண்டியதுதான் என் முதல் உத்தியோகம். விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்துப்போய் இருக்கும். அந்த விரல்களை வைத்துக்கொண்டு நான் என்னென்ன செய்தேன் என்று கேளுங்கள்.

காட்பாடி ஜங்ஷனில் ரயில்காரர்கள் கழித்துப் போட்ட டைனமோ ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். ரயில் பெட்டிக்கு அடியில் தொங்கி விளக்கு எரிய வைக்குமே, அது. பாலாற்று மணலில் மாட்டு வண்டி அச்சு வரைக்கும் இறங்க இறங்க, தோளைக் கொடுத்துத் தள்ளி இந்தப் பக்கம் கொண்டுவந்தேன். எருமைத் தோலில் நானே பெல்ட் தைத்தேன். அதை ஆயில் என்ஜினில் பூட்டி ஒரு தோல் ஷாப்பின் முற்றத்தில் பன்னிரண்டு பல்பு எரிய வைத்தேன். அப்போது ஊருக்குள் கரண்ட் கம்பம் ஒன்றுகூடக் கிடையாது. வாணியம்பாடி ரோட்டில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற கொட்டகை முதன்முதலில் போட்டவன் நான். குடியாத்தத்தில் டூரிங் சினிமாக் கொட்டகையில் விளக்கு கெட்டுப்போய், டிக்கெட் வாங்கின ஜனம் கல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு பீப்பாய்த் தண்ணீரில் உப்பைக் கரைத்து, இரண்டு இரும்புத் தகடுகளை அதில் தொங்கவிட்டு, துள்ளுகிற கரண்டை அடக்கி, படத்தைக் கடைசி வரை ஓட்டிக் காட்டியவன் நான். இதையெல்லாம் எந்த காலேஜிலும் சொல்லிக் கொடுக்கவில்லை. என்னிடம் இருந்த புத்தகம் இங்கிலீஷ் புத்தகம். படத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். படம் இல்லாத பக்கங்களைக் கையைச் சுட்டுக் கற்றுக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் மேலே, நான் செய்த பவர் பெட்டிகள். பத்தொன்பது செய்தேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. அந்த நாளில் ரேடியோ பேட்டரியில்தான் பாடும். ஒரு பேட்டரி திராவகம் ஊற்றியது. அதை வாரம் ஒரு தரம் தூக்கிக்கொண்டு சார்ஜ் ஏற்றப் போக வேண்டும். இன்னொன்று தீர்ந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். ஊருக்குள் கம்பம் நட்டு வீட்டுக்கு வீடு கரண்ட் வந்த பிறகு, சுவரில் வருகிற கரண்டைப் பிடித்து, ரேடியோவுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவாக மாற்றிக் கொடுக்கிற ஒரு பெட்டி வந்தது. சீமையிலிருந்து வந்த பெட்டியை வாங்க நம் ஆட்களுக்குக் கட்டாது. நான் செய்த பெட்டி பாதி விலை. வேலையில் பாதி கிடையாது. ஒவ்வொன்றிலும் முன்பக்கம் ஒரு பித்தளைத் தகட்டில் என் பெயரைக் கொத்தி அடித்தேன். கெட்டால் என்னைத்தான் பிடிக்க வேண்டும் என்று நானே அடித்தது அது.

அந்தப் பித்தளைத் தகட்டால்தான் ஒரு நாள் என் பெயர் சந்தி சிரிக்கப் பார்த்தது.

அதைச் சொல்வதற்கு முன், மற்றவர்கள் செய்த பெட்டிகளையும் ரிப்பேர் என்ற பெயரில் அவர்கள் பண்ணின அசிங்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஸ்டேஷன் ரோட்டில் ஒருவர் கடை வைத்திருந்தார். மதராசில் பயிற்சி பெற்றவர் என்று போர்டு. தன்னை ‘ரேடியோ டாக்டர்’ என்று சொல்லிக்கொள்வார். தலையில் எண்ணெய் மினுமினுக்கும், சட்டைப் பையில் இரண்டு பேனா செருகியிருக்கும். நானும் அவரை டாக்டர் என்றே எழுதுகிறேன். அவர் கை வைத்த பெட்டிகள் கடைசியில் என்னிடம்தான் வரும், பிணம் வருவது மாதிரி.

முதுகுப் பலகையைக் கழற்றினால் உள்ளே பார்க்கச் சகிக்காது. கண்டென்ஸர் இருக்க வேண்டிய இடத்தில், சிகரெட் பெட்டிக்குள் வருகிற வெள்ளிக் காகிதத்தையும் பட்டம் ஒட்டுகிற காகிதத்தையும் சேர்த்துச் சுருட்டி, மெழுகுவத்தியை உருக்கி ஊற்றி வைத்திருப்பார். சூடு ஏறினால் மெழுகு இளகிச் சளி மாதிரி ஒழுகும். ஒயருக்கும் ஒயருக்கும் நடுவே, ரெசிஸ்டர் வைக்கிற இடத்தில், பென்சிலைப் பிளந்து எடுத்த கரிமுனை. வால்வு காலில் ஆட்டம் கண்டால் தீக்குச்சியைச் செருகியிருப்பார். அதுவும் எப்படி? மருந்துத் தலை போகாத குச்சி! கொதிக்கிற வால்வுக்குப் பக்கத்தில் குடியாத்தம் தீப்பெட்டிக் குச்சி, தலை மேலே தூக்கிக்கொண்டு. ஈயம் வைத்து ஒட்ட ரோசனப் பிசின் போட வேண்டும். இவர் தோல் ஷாப்பில் கேட்டு வாங்கிய திராவகத்தைத் தொட்டு ஒட்டுவார். ஒட்டின இடம் மூன்று மாதத்தில் பச்சை பூத்துச் சீழ்ப் புண் மாதிரி நிற்கும். டேப்புக்குப் பதில் லுங்கிக் கிழிசல், அதன் மேல் தார். ஒரு தடவை ஒரு பெட்டியைத் திறந்தால் அந்தக் கிழிசலில் சாப்பாட்டுக் கறை. த்தூ! யாரோ வாய் துடைத்த துணியைச் சுற்றி வைத்துவிட்டு டாக்டர் என்று போர்டு.

நான் கேட்டால் சிரிப்பார். “பாடுதா இல்லையா? பாடுது இல்ல? அப்புறம் இன்னா அண்ணே உங்களுக்குப் பேஜாரு?”

பாடும். அதுதான் கேடு. அன்றைக்குச் சாயந்திரம் பாடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பஜார் தெருவில் தோல் ஷாப்பு முதலாளிகள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வாசகசாலை நடத்தினார்கள். பேப்பர் படிக்கலாம், சாயந்திரத்தில் ரேடியோ கேட்கலாம். அங்கே இருந்தது நான் செய்த ஏழாவது பெட்டி. இரும்புக் கூடு. உள்ளே டிரான்ஸ்ஃபார்மருக்கும் கூட்டுக்கும் நடுவில் நல்ல மைக்காத் தகடு, கரண்ட் கூட்டுக்குத் தாவாமல் இருக்க. அளவு மீறினால் உருகிப்போகிற மெல்லிய ஃபியூஸ் கம்பி. கூட்டிலிருந்து ஒரு செம்பு ஒயர் சுவரைத் துளைத்துக் கொல்லைப்புறம் போய், கரியும் உப்பும் போட்ட ஒரு குழியில் இறங்கும். உள்ளே என்ன தப்பு நடந்தாலும் கரண்ட் அந்த ஒயர் வழியாகப் பூமிக்குப் பாயும், அந்த வேகத்தில் ஃபியூஸ் உருகும், பெட்டி செத்துப்போகும், மனுஷன் பிழைப்பான். இதுதான் ஏற்பாடு. குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தேன். ஊற்றினார்கள்.

அந்த வருஷம் பக்ரீத் கழிந்து வெயில் ஏறின சமயம், சுவருக்கு வெள்ளையடிக்கப் பெட்டியை இறக்கினார்கள். இறக்கவில்லை, போட்டார்கள். மைக்கா உடைந்தது. என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். நான் வந்தால் யார் போட்டது என்று கேட்பேன், திட்டுவேன், மதராசிலிருந்து மைக்கா வரும்வரை எட்டு நாள் பொறுங்கள் என்பேன். டாக்டர் வந்தால் பல்லைக் காட்டுவார், பொழுது சாய்வதற்குள் பாட வைத்துவிடுவார். வைத்தார். ஊரெல்லாம் அவரைக் கைராசிக்காரர் என்றது.

மழை வந்தது.

வாசகசாலையில் பெருக்கித் துடைத்துப் பேப்பர் அடுக்க ஓர் ஆளை வைத்திருந்தார்கள். முப்பது வயது இருக்கும். விரிஞ்சிபுரத்திலிருந்து அந்த வருஷம்தான் பெண்டாட்டியோடு இங்கே குடிவந்தவர். சாது மனுஷன். ஒரு நாள் காலையில் நான் பேப்பர் பார்க்கப் போயிருந்தபோது என் பக்கத்தில் வந்து நின்றார்.

“அண்ணே, அந்தப் பெட்டிகிட்ட ஒரு மாதிரி நாத்தம் அடிக்குது. மூணு நாளா. முடி கருகுனாப்ல இருக்குது.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தோல் தரகர் பேப்பரை இறக்கினார். “கேட்டீங்களா பாய், ஆம்பூருக்கு வந்துட்டு நாத்தம் அடிக்குதுன்றான்! கோயில் தெருவுல விபூதி வாசனையில வளர்ந்த ஆளு, பாவம்.”

இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தது மட்டுமா, என் பங்குக்கு ஒன்றும் சொன்னேன். “இன்னும் ஆறு மாசம் போவட்டும்பா. உன் மூக்கும் எங்க மூக்கு மாதிரி ஆயிடும். அப்புறம் தோல் நாத்தமும் தெரியாது, பிரியாணி வாசனையும் தெரியாது.”

“இல்லண்ணே, இது ஷாப்பு நாத்தம் இல்ல, இது வேற...”

“போய் வேலயப் பாரு.”

இதை எழுத எனக்கு இஷ்டம் இல்லை. ஆனால் எழுதாமல் விட்டால் டாக்டருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. பெட்டி எனக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது. திருப்புளி என் பையில் இருந்தது. எழுந்து போய் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. முகர்ந்திருந்தாலும் தெரிந்திருக்குமா என்று கேட்டால், சத்தியமாகத் தெரியாது. முடியும் சதையும் சுண்ணாம்பும் அழுகிற வாடையிலேயே வளர்ந்த மூக்கு. இந்த ஊரில் ஒரு வீடே தீப்பிடித்துத் தோல் கருகினாலும், எந்த ஷாப்பிலோ என்னவோ என்று போய்க்கொண்டே இருப்போம்.

மறுநாள் காலை அவர் ஈரத்துணியால் பெட்டியைத் துடைத்திருக்கிறார். வெறுங்கால், தண்ணீர் தெளித்த சிமென்ட் தரை. கை கூட்டோடு ஒட்டிக்கொண்டது. கத்தக்கூட முடியவில்லையாம். பேப்பர் படிக்க வந்த ஒருவர் புத்தி உள்ளவர். ஆளைத் தொடாமல் ஓடிப்போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்திருக்கிறார். உயிர் தங்கியது. வலது உள்ளங்கை வெந்து, இரண்டு விரல் மடங்கி நின்றுவிட்டது.

நான் போய்ச் சேர்வதற்குள் கமிட்டி கூடி, மினிட் புத்தகத்தில் தீர்மானமே எழுதிவிட்டார்கள். இன்னார் செய்த பெட்டி பழுதானது, அதனால் ஆளுக்கு ஆபத்து நேர்ந்தது, இனி இன்னாரிடம் எந்த வேலையும் கொடுப்பதில்லை. கையெழுத்தும் ஆகிவிட்டது. அந்த முதலாளிகள் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஒயர் இழுக்கிற வேலை எனக்குச் சொல்லியிருந்தது, அதுவும் போயிற்று. வேலை போனால் போகட்டும். அதுவரை செய்ததில் மற்ற பதினொரு பெட்டிகள் பதினொரு வீட்டில் இருக்கின்றன. பொழுது சாய்வதற்குள் அத்தனை பேரும் என் பித்தளைத் தகட்டைப் பார்த்துப் பயந்து, பெட்டியைப் பிடுங்கித் தெருவில் போடுவார்கள். மனுஷனைக் கொல்லப் பார்த்தவன் என்று என் பேர் நிற்கும். சுண்ணாம்புக் குழியிலிருந்து ஏறி வந்தது அதற்குத்தானா?

வாசகசாலைத் தலைவர் பெரிய தோல் ஷாப்பு முதலாளி, நல்ல மனுஷர்தான், ஆனால் அன்றைக்கு முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

“டைனமோக்காரரே, பித்தளையில உங்க பேர அடிச்சு வச்சிருக்கீங்க. ஆளு போயிருந்தா அதுக்கு இன்னா ஜவாப் சொல்வீங்க?”

“பெட்டியத் தெறங்க முதலாளி. எல்லார் முன்னாடியும் தெறங்க. உள்ள இருக்கிறது என் கை வேலயான்னு பாத்துட்டு அப்புறம் கேளுங்க.”

டாக்டரையும் அழைத்து வந்திருந்தார்கள். அவர் பேனாவைச் சரி செய்துகொண்டு, “தெறந்தா இன்னா ஆவப்போவுது? நான் சும்மா ஒரு ரெண்டு ஒயரத்தான் மாத்தினேன். மத்ததெல்லாம் அண்ணன் வச்சது வச்சபடி இருக்குது” என்றார்.

நான் திருப்புளியை எடுத்தேன். கூட்டின் அடியில் முதலில் தேடியது பூமிக்குப் போகிற ஒயரை. ஒரு விரற்கடை நீளத்துக்கு மொட்டையாக நின்றது.

“இங்க இருந்து கொல்லப்பக்கம் ஒரு ஒயர் போச்சே, எங்க?”

“அதுவா? அது எதுலயும் போய்ச் சேரலியே அண்ணே. மண்ணுக்குள்ள போய் நின்னுடுச்சு. கரண்டு வீணாப் போவுதேன்னு நான்தான் எடுத்துட்டேன்.”

கமிட்டியில் இரண்டு பேர் நியாயம்தானே என்கிற மாதிரி தலையை ஆட்டினார்கள்! எனக்கு அழுவதா, யாரையாவது அடிப்பதா என்று தெரியவில்லை. ஃபியூஸைத் திறந்தேன். மயிரிழைக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் தாம்புக் கயிறு மாதிரி முறுக்கின செம்பு. பார்த்த உடனே தெரிந்தது. பூமிக்குப் போன என் ஒயரைத்தான் வெட்டி, மூன்றாக முறுக்கி இங்கே போட்டிருக்கிறார். ஒரு உயிர்க் காப்பைப் பிடுங்கி இன்னொரு உயிர்க் காப்பை அடைத்திருக்கிறார். அதை அவரும் மறுக்கவில்லை. “பழைய கம்பி அடிக்கடி உருகுதுன்னாங்க. இது ஜன்மத்துக்கும் உருகாது” என்றார், பெருமையாக.

இருந்தாலும் அது போதாது. கரண்ட் கூட்டுக்கு வந்ததே எப்படி என்பதுதான் கேள்வி. டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கினேன். மைக்கா இருந்த இடத்தில் கன்னங்கரேலென்று ஒரு தகடு. ஓரம் கருகிச் சுருண்டு, நடுவில் ஈரம் பிசுபிசுத்தது. விரலில் ஒட்டியது. முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனேன். என் செத்த மூக்குக்கே லேசாக எட்டியது.

“இது தோலு.”

“ஃபைபர் அண்ணே அது. மதராஸ் சரக்கு” என்றார் டாக்டர். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “அது நீங்க வச்சதுதானே” என்றார்.

அங்கேதான் என் கழுத்தில் கத்தி வைத்தார். அதை நான் வைத்தது என்று ஆகிவிட்டால் தீர்மானத்தில் எழுதினது சரி. தலைவர் அதை வாங்கிப் பார்த்தார். அடுத்தவரிடம் கொடுத்தார். அத்தனை பேரும் தோல் வியாபாரம் பண்ணிக் கோட்டை கட்டினவர்கள். மேலே வார்னிஷ் பூசியிருந்ததால் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியவில்லை. “கறுப்பா இருக்குது, கெட்டியா இருக்குது, ஃபைபர் மாதிரிதான் தெரியுது” என்றார் ஒருவர். குழியில் காலை வைத்திராத வியாபாரம், வேறு எப்படி இருக்கும்?

“முதலாளி, உங்க ஷாப்புல ஊறல் குழி மேஸ்திரியக் கூப்பிடுங்க. அவர் சொல்லட்டும்” என்றேன்.

உப்புப் போட்டுக் காயவைத்து வருகிற பச்சைத் தோலை முதலில் இறக்குகிற குழி ஊறல் குழி. தண்ணீரில் ஊறி உப்புப் போன பிறகுதான் சுண்ணாம்புக்குப் போகும். அந்தக் குழிக்கு மேஸ்திரி ஒரு கிழவர். வேலையிலிருந்து அப்படியே வந்தார். முழங்கால் வரை ஈரம். வாசல் படியிலேயே நின்றார். அந்த வாசகசாலைக்குள் குழி வேலைக்காரர் யாரும் அதுவரை நுழைந்தது இல்லை. நுழையக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவும் இல்லை. தலைவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, “உள்ள வாங்க பெரியவரே” என்றார்.

கிழவர் அந்தத் தகட்டை வாங்கினார். நகத்தால் ஒரு மூலையில் வார்னிஷைச் சுரண்டினார். பிறகு அந்த இடத்தை நாக்கில் வைத்தார். கமிட்டிக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் நிதானமாக ருசி பார்த்துவிட்டு, வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

“வெள்ளாட்டுத் தோலுங்க. கழுத்துப் பக்கம். உப்புப் போட்டுக் காஞ்சது, இன்னும் என் குழியப் பாக்கல.”

“நாக்குல வச்சே சொல்லிட்டீங்களா?”

“உப்புப் போச்சா போவலியான்னு வேற எதுல பாக்குறது முதலாளி? நாப்பது வருசமா இந்த நாக்குதான் உங்களுக்குத் தோல அனுப்பிட்டு இருக்குது.”

டாக்டர் விடவில்லை. “சரி, தோலே ஆவட்டும். இவர் வைக்கலன்னு யார் கண்டா?”

கிழவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். தகட்டைத் திருப்பினார். லுங்கி நுனியால் ஓரத்தை அழுத்தித் துடைத்தார். வார்னிஷுக்கு அடியில் மூன்று சின்ன வெட்டும் பக்கத்தில் ஒரு பொத்தலும் தெரிந்தது. வெளியூரிலிருந்து தோல் வந்து இறங்கும்போது, எந்த லாட்டு என்று பின்னால் தெரிவதற்காக ஒவ்வொரு தோலிலும் மேஸ்திரிதான் கத்தியால் குறி வெட்டுவார். ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு குறி.

“மூணு வெட்டு, ஒரு பொத்தல். இது நம்ம சரக்குதான் முதலாளி. இந்த பக்ரீத்துக்கு அப்புறம் வந்துச்சே, அந்த லாட்டு. நான்தான் வெட்டினேன்.”

என் பெட்டி அங்கே வந்தது அதற்கு முந்தின பக்ரீத்துக்கும் முன்பு. எல்லாருக்கும் தெரியும், அந்த பக்ரீத் அன்று அதில்தான் சங்கீதம் கேட்டார்கள். டாக்டர் பேனாவை எடுத்து மறுபடி செருகினார்.

“எட்டு நாள் ஆவும் மைக்கா வர்றதுக்கு” என்றார், குரல் இறங்கிப்போய். “நீங்கதானே சாயந்திரமே பாடணும்னு நின்னீங்க? ஷாப்பு வாசல்ல கழிச்சுப் போட்டதுல ஒரு துண்டு எடுத்தேன். பலகை மாதிரி கெட்டியா இருந்துச்சு. பல்ப வச்சுக்கூடப் பாத்தேன், கரண்டு தாண்டல. நான் இன்னா பண்ணட்டும்?”

அவர் சொன்னது பொய் இல்லை. சித்திரை வெயிலில் அந்தத் தோலில் கரண்ட் தாண்டியிருக்காது. ஆனால் மழைக்காலத்தில் உப்புத் தோல் வேர்க்கும் என்று இந்த ஊரில் தெரியாதவன் யார்? மழை பிடித்தால் பச்சைத் தோல் கிடங்கில் தரையே நனைந்து வழுக்கும். மணல் தூவித்தான் நடப்போம். டாக்டருக்குத் தெரியும், கமிட்டிக்குத் தெரியும். கிடங்கில் தெரிந்த விஷயம் பெட்டிக்குள் தெரியாமல் போய்விட்டது. வேறு ஊரில் இருந்திருந்தால் டாக்டர் அட்டையையோ மரத்தையோ வைத்திருப்பார். அதுகூட இத்தனை கேடு இல்லை. தோல் ஊரில் பிறந்தவன்தான் உயிர்க் காப்புக்குத் தோலை வைப்பான்.

தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “மாஃப் பண்ணுங்க டைனமோக்காரரே. உங்க மேல தப்பு இல்ல. பள்ளிக்கூட வேலய நீங்களே பாருங்க.” எல்லாரும் ஆமாம் என்றார்கள். நான் நிமிர்ந்து வெளியே வந்தேன். ஒரு பெட்டியையும் யாரும் பிடுங்கவில்லை. டாக்டர் அந்த மாதமே போர்டைக் கழற்றிக்கொண்டு பெங்களூர் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. போகிற முன் அடிபட்டவர் வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனாராம். அதற்காவது மனசு வந்ததே.

நானும் போனேன். கையில் கட்டோடு பாயில் உட்கார்ந்திருந்தார். பெண்டாட்டி எனக்கு முகம் கொடுக்கவில்லை. “தோலுதானாமே அண்ணே?” என்றார் அவர். “ஆமாம்பா.” கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு, “நான் சொன்னேனே” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அதன் பிறகு நான் எந்தப் பெட்டியை முடித்தாலும், கரண்ட் ஏற்றி ஒரு நாள் ஓடவிட்டு, அவரை வரவழைத்து முகரச் சொல்லித்தான் வெளியே அனுப்பினேன். இரண்டு வருஷம் அப்படி நடந்தது. மூன்றாம் வருஷம் அவர் மூக்கும் ஆம்பூர் மூக்காகிவிட்டது.

வாசகசாலைக்கு ஒரு விதிப் பலகை வேண்டும் என்று தலைவர் கேட்டார். நான் நின்றுகொண்டு சொன்னேன், குமாஸ்தா எழுதினார். பூமி ஒயர் இல்லாமல் எந்தப் பெட்டியும் சுவரில் மாட்டக் கூடாது. ஃபியூஸில் செம்பு போடக் கூடாது. மைக்கா உடைந்தால் மைக்காதான். வரும்வரை ரேடியோ வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும். நாற்றம் அடிக்கிறது என்று யார் சொன்னாலும், முதலில் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிறகு சிரிக்கலாம். கடைசி விதியை மட்டும் மரியாதையான வார்த்தையில் மாற்றி எழுதினார்கள். பலகை மாட்டினபோது போய்ப் பார்த்தேன். அடியில், மதராஸ் என்ஜினியர் ஒருவர் ஆலோசனைப்படி கமிட்டியார் ஏற்படுத்தியது என்று எழுதியிருந்தது. அந்த என்ஜினியர் பள்ளிக்கூடத்துக்கு நான் இழுத்த ஒயரைப் பார்த்துக் கையெழுத்துப் போட வந்தவர். டீ குடித்தார், பலகையைப் படித்தார், நல்லது என்றார். அவ்வளவுதான் அவர் ஆலோசனை.

அதைவிட மோசம் ஒன்று உண்டு. போன வருஷம் வாசகசாலைக்குப் போய் அந்தப் பழைய மினிட் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எனக்கு அச்செழுத்துத்தான் வேகமாக வரும், கையெழுத்து எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். எழுத்துக்கூட்டிப் படித்தேன். இன்னார் செய்த பெட்டி பழுதானது என்கிற தீர்மானம் அப்படியே இருக்கிறது. அடிக்கவில்லை, திருத்தவில்லை. அடுத்த கூட்டத்திலும் ஒரு வரி இல்லை. கையைப் பிடித்துச் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. சொன்னவரும் போய்விட்டார். நாற்பது வருஷ நாக்கோடு மேஸ்திரியும் போய்விட்டார். நாளைக்கு நானும் போனால், புத்தகத்தில் மிச்சம் இருப்பது அந்த ஒரு வரிதான்.

இப்போது இருக்கிற கமிட்டிக்காரர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு முறை நேரில் வந்து கேட்டேன். “அது பழைய சமாசாரம், விடுங்க பெரியவரே” என்றீர்கள். நான் விடுவதாக இல்லை. அந்தத் தீர்மானத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்: பெட்டியைச் சரியாகச் செய்தவன் இவன், அதைக் கெடுத்தது இன்னொருவர் ரிப்பேர், அதை நாக்கில் வைத்து நிரூபித்தவர் ஊறல் குழி மேஸ்திரி. ஆபத்தை முன்கூட்டிச் சொன்னவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் இவனும் ஒருவன் என்று சேர்க்க விரும்பினால் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் மறுக்க மாட்டேன். விதிப் பலகையில் என்ஜினியர் என்று இருக்கிற இடத்தில், தோல் ஷாப்பில் முடி சுரண்டி மேலே வந்த இந்த ஆளின் பெயரைப் போடுங்கள். பெயிண்டரை நானே அழைத்து வருகிறேன். எந்த நாள் என்று மட்டும் சொல்லுங்கள்.